பழைய டாஸ் மெஷின்ல ஆரோ கீ வேலை செய்யலையா? டாஸ்கீ போடுங்க

பரண்ல இருந்து 386, 486 மாதிரி பழைய கம்ப்யூட்டரை எறக்கி தூசி தட்டி ஆன் பண்றவங்களும் சரி, எமுலேட்டர்ல எம்எஸ்-டாஸ் 6.22ங்கிற, கமாண்ட் அடிச்சு ஓட்டுற மைக்ரோசாஃப்ட்டோட பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாக்குறவங்களும் சரி, எல்லாரும் ஒரே எடத்துலதான் வந்து நிக்கிறாங்க. பூட் ஆகும், சி பிராம்ப்ட் வரும், நீளமா ஒரு காப்பி கமாண்ட் அடிப்பாங்க, நடுவுல ஒரு எழுத்து தப்பாப் போயி "பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்"னு வரும், சரி திருத்தலாம்னு அப் ஆரோ அமுக்கினா ஒண்ணுமே வராது, லெஃப்ட் ஆரோ அமுக்கினா கர்சர் நகராம அடிச்ச எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா அழியும். ரெண்டு நாள் இப்படி முழு கமாண்டையும் திரும்பத் திரும்ப அடிச்சா யாருக்கும் வெறுத்துப்போகும், மெஷின் மறுபடி பரணுக்கே போயிடும். இதுக்கான மருந்து அந்த மெஷின்லயே இருக்குங்க, பேரு டாஸ்கீ, அடிச்ச கமாண்டை ஞாபகம் வெச்சுக்குற ஒரு சின்ன புரோகிராம், மெமரில சுமார் 4 கேபி எடம் மட்டும்தான் எடுக்கும். அதை எப்படிப் போடுறது, போட்டப்புறம் எந்த கீ என்ன செய்யும், டாஸ்கீயே இல்லாத இன்னும் பழைய டாஸ்னா என்ன பண்றது, எல்லாத்தையும் இதுல சொல்றேன்.

கமாண்டெல்லாம் இங்க தமிழ் எழுத்துல இருக்கு, மெஷின்ல வழக்கம்போல இங்கிலீஷ்ல அடிங்க. டாஸ்கீங்கிறது டி ஓ எஸ் கே இ ஒய், நடுவுல இடம் கிடையாது.

மொதல்ல உங்க டாஸ் எந்த வெர்ஷன்னு பாருங்க, வெர்னு அடிச்சு எண்டர் தட்டினா சொல்லிடும். 5.0 இல்லன்னா அதுக்கு மேலன்னா கவலையே இல்ல, ஏன்னா 1991 ஜூன்ல வந்த எம்எஸ்-டாஸ் 5.0லதான் டாஸ்கீ மொதல்முறையா சேந்து வந்துச்சு. ஐபிஎம் பிசி வந்தது 1981 ஆகஸ்ட், அப்படின்னா கிட்டத்தட்ட பத்து வருஷம் மைக்ரோசாஃப்ட் டாஸ்ல பழைய கமாண்டை மேல மேல போய் எடுக்குற வசதியே கிடையாது. வெர்ஷன் சரின்னா பிராம்ப்ட்ல வெறும் டாஸ்கீன்னு அடிச்சு எண்டர் தட்டுங்க, டாஸ்கீ இன்ஸ்டால்ட்னு ஒரு வரி வரும், அவ்வளவுதான், இப்போ அப் ஆரோ அமுக்கிப் பாருங்க, வேலை செய்யும். அப்படி வராம பேட் கமாண்ட்னு வந்தா ஃபைல் எங்க இருக்குன்னு தேடுங்க. டாஸ் 5, 6ல வழக்கமா சி டிரைவ்ல டாஸ்ங்கிற டைரக்டரிக்குள்ள டாஸ்கீ.காம்னு இருக்கும், விண்டோஸ் 95, 98ன்னா விண்டோஸ் டைரக்டரிக்குள்ள கமாண்ட்ங்கிற டைரக்டரில இருக்கும். ஃபைல் அங்க இருக்கு, ஆனாலும் ஓடலைன்னா பாத், அதாவது டாஸ் கமாண்டைத் தேடுற டைரக்டரி பட்டியல், சரியா செட் ஆகலைன்னு அர்த்தம், முழு பாதையோட அடிங்க. ஃபைலே இல்ல, யாரோ எடம் பத்தலன்னு அழிச்சிட்டாங்கன்னா ஒரிஜினல் ஃப்ளாப்பில இருந்து எடுக்கலாம், ஃப்ளாப்பில பல ஃபைல் சுருக்கி வெச்சிருப்பாங்க, பேரோட கடைசி எழுத்துக்குப் பதிலா அடிக்கோடு இருக்கும், அப்படி இருந்தா சும்மா காப்பி பண்ணாதீங்க, எக்ஸ்பேண்ட் கமாண்ட் வெச்சு விரிச்சுதான் டாஸ் டைரக்டரிக்குள்ள போடணும். இன்னொண்ணு, வேற வெர்ஷன் டாஸ்ல இருந்து டாஸ்கீயை எடுத்துட்டு வந்தா "இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்"னு சொல்லி ஓடாது, அதே வெர்ஷனோடதுதான் வேணும்.

இப்போ கீ எல்லாம். அப் ஆரோ முந்தின கமாண்ட், டவுன் ஆரோ அடுத்தது, பேஜ் அப் அமுக்கினா ஞாபகத்துல இருக்குறதுலயே ரொம்பப் பழசு, பேஜ் டவுன் கடைசியா அடிச்சது. லெஃப்ட், ரைட் ஆரோ இனிமே எதையும் அழிக்காம கர்சரை மட்டும் நகத்தும், கண்ட்ரோலோட சேத்து அமுக்கினா ஒரு வார்த்தை தாண்டும், ஹோம் வரியோட ஆரம்பத்துக்கும் எண்ட் கடைசிக்கும் போகும். கண்ட்ரோல் எண்ட் கர்சர்ல இருந்து கடைசி வரை அழிக்கும், கண்ட்ரோல் ஹோம் ஆரம்பம் வரை அழிக்கும், எஸ்கேப் முழு வரியையும் துடைச்சிடும். இதெல்லாம் எல்லாரும் தானாவே கண்டுபிடிச்சிடுவாங்க. ஆனா டாஸ்கீயோட உண்மையான சுகம் எஃப்7, எஃப்8, எஃப்9ல இருக்கு, நெறைய பேர் இதைத் தொடுறதே இல்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். எஃப்7 அமுக்கினா இதுவரை அடிச்ச கமாண்ட் எல்லாம் நம்பர் போட்டு வரிசையா வரும். எஃப்9 அமுக்கினா லைன் நம்பர் கேக்கும், 12ன்னு குடுத்து எண்டர் தட்டினா பன்னெண்டாவது கமாண்ட் அப்படியே பிராம்ப்ட்ல வந்து நிக்கும், ஓடாது, நீங்க பாத்துத் திருத்திட்டு எண்டர் தட்டலாம். எஃப்8 இதைவிட நல்லது, மொதல் ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் அடிச்சிட்டு எஃப்8 அமுக்குங்க, அந்த எழுத்துல ஆரம்பிக்கிற பழைய கமாண்டை மட்டும் தேடி எடுத்துக் குடுக்கும், திரும்ப அமுக்கினா அதுக்கும் முந்தினது. இருபது முப்பது கமாண்ட் தள்ளி இருக்குற ஒரு நீளமான எக்ஸ்காப்பி வரியை அப் ஆரோல தேடிட்டு இருக்குறதுக்கும், எக்ஸ் அடிச்சு எஃப்8 தட்டுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு ஒரு தடவை பழகினா போதும், விடவே மாட்டீங்க. ஆல்ட் எஃப்7 ஹிஸ்டரி மொத்தத்தையும் அழிச்சிடும், அதனால எஃப்7 அமுக்கும்போது கை ஆல்ட்ல படாம பாத்துக்கோங்க.

ஒரு தொந்தரவு உண்டு, டாஸ்கீ சாதாரணமா ஓவர்டைப் மோட்ல இருக்கும், அதாவது நடுவுல போயி ஒரு எழுத்து அடிச்சா பக்கத்து எழுத்தைத் தின்னுடும். இன்சர்ட் கீ அமுக்கினா மாறும், கர்சர் வடிவமும் மாறும், ஆனா எண்டர் தட்டினதும் பழையபடி ஓவர்டைப்புக்கே போயிடும். ஒவ்வொரு வரிக்கும் இன்சர்ட் அமுக்கிட்டு இருக்க முடியாது, அதனால லோட் பண்ணும்போதே டாஸ்கீ /இன்சர்ட்னு போட்டுடுங்க, இப்போ நாம பழகின மாதிரியே நடுவுல எழுத்து சேரும். இது இல்லாம டாஸ்கீ போடுறதுல பாதி பலன்தான்.

அடுத்து பஃபர். டாஸ்கீ கமாண்டெல்லாம் சேத்து வெக்கிற எடம் சாதாரணமா 512 பைட், ஒரு கமாண்ட் சராசரியா 20 எழுத்துன்னு வெச்சா 25 கமாண்ட் கிட்ட வரும், நெறைஞ்சா பழசைத் தள்ளிட்டுப் புதுசை வெக்கும். இதே எடத்துலதான் மேக்ரோவும் இருக்கும், அதனால கொஞ்சம் பெருசாக்குறது நல்லது, /பஃப்சைஸ்=1024ன்னு போடுங்க. பஃப்சைஸ்ங்கிறது பி யு எஃப் எஸ் ஐ இசட் இ, ஒரே வார்த்தை. ஆனா இதை மொதல் தடவை லோட் பண்ணும்போதே குடுக்கணும், ஏற்கெனவே டாஸ்கீ மெமரில இருக்குறப்ப குடுத்தா பஃப்சைஸை மாத்த முடியாதுன்னு சொல்லிடும். /ரீஇன்ஸ்டால் போட்டா ஏத்துக்கும், ஆனா அது புதுசா இன்னொரு காப்பியை மெமரில ஏத்தும், ஹிஸ்டரியும் போயிடும், 640 கேபி மட்டும் இருக்குற எடத்துல இதை அடிக்கடி செய்யாதீங்க, ரீபூட் பண்ணிட்டு சரியா ஏத்துறதே மேல். டாஸ்கீயை மெமரில இருந்து எறக்க வழி கிடையாது, ரீபூட் ஒண்ணுதான்.

நிரந்தரமா போடணும்னா ஆட்டோஎக்ஸெக்.பேட்ல, அதாவது பூட் ஆகும்போது தானா ஓடுற கமாண்ட் ஃபைல்ல, சேக்கணும். மொதல்ல பழைய ஃபைலை ஆட்டோஎக்ஸெக்.ஓல்ட்னு ஒரு காப்பி எடுத்து வெச்சிடுங்க, எந்த பழைய மெஷின்ல கை வெச்சாலும் இதைச் செய்யாம ஆரம்பிக்காதீங்க. அப்புறம் எடிட்ல ஃபைலைத் திறங்க, எடிட் ஓடலைன்னா கியூபேசிக்.எக்ஸி இருக்கான்னு பாருங்க, டாஸ் 5, 6ல வர்ற எடிட்டுக்கு அது கூட இருந்தாதான் உயிர். பாத் வரிக்குக் கீழ, விண்டோஸையோ மெனுவையோ ஓட்டுற வரிக்கு மேல, இந்த வரியை எழுதுங்க:

எல்ஹெச் சி:\டாஸ்\டாஸ்கீ.காம் /இன்சர்ட் /பஃப்சைஸ்=1024

எல்ஹெச்ங்கிறது லோட்ஹை, எல் ஹெச்னு ரெண்டே எழுத்து, 640 கேபிக்கு மேல இருக்குற அப்பர் மெமரில எடம் இருந்தா அங்க போடுன்னு சொல்றது, இல்லன்னா சாதாரண மெமரிலயே ஏறிக்கும், கெடுதல் ஒண்ணும் இல்ல. அப்பர் மெமரி கெடைக்கணும்னா 386 இல்ல அதுக்கு மேல வேணும், பூட் ஆகும்போது டாஸ் படிக்கிற செட்டிங் ஃபைலான கான்ஃபிக்.சிஸ்ல இந்த மூணு வரி இருக்கணும், ஹைமெம் வரி இஎம்எம்386 வரிக்கு முன்னாடி வரணும்:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\இஎம்எம்386.எக்ஸி நோஇஎம்எஸ்
டாஸ்=ஹை,யுஎம்பி

கேம் எதுக்காவது எக்ஸ்பேண்டட் மெமரி வேணும்னா நோஇஎம்எஸ்க்கு பதிலா ரேம்னு போடணும், அது வேற கதை. 286ல ஹைமெம் ஓடும் ஆனா இஎம்எம்386 ஓடாது, 8088 சிப் போட்ட ஆரம்பகால ஐபிஎம் எக்ஸ்டில ரெண்டுமே கிடையாது, அங்க டாஸ்கீ சாதாரண மெமரிலதான் உக்காரும், 4 கேபி போனா போகட்டும், அதுக்கு வாங்குற வேலை அவ்வளவு இருக்கு. ரீபூட் பண்ணிட்டு மெம் /சின்னு அடிச்சா எது எங்க ஏறியிருக்குன்னு காட்டும். எதையாவது தப்பா எழுதி மெஷின் பூட் ஆகாம நின்னா பயப்படாதீங்க, டாஸ் 6ல "ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்"னு வர்றப்ப எஃப்5 அமுக்கினா ரெண்டு ஃபைலையும் விட்டுட்டு பூட் ஆகும், எஃப்8 அமுக்கினா ஒவ்வொரு வரியாக் கேட்டுட்டு போகும். அப்புறம், ஒரு புரோகிராமுக்குள்ள இருந்து டாஸ் பிராம்ப்டுக்கு வெளிய வந்து டாஸ்கீயை மொதல் தடவையா ஏத்துறது நல்லதில்ல, அது அந்த புரோகிராமுக்கு மேல போயி உக்காந்துக்கும், புரோகிராமை மூடினப்புறம் மெமரி நடுவுல ஓட்டை விழுந்து பெரிய புரோகிராம் எதுவும் ஏறாது.

கீபோர்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஒரிஜினல் பிசி, எக்ஸ்டி கீபோர்டுல 83 கீதான், தனி ஆரோ கீயே கிடையாது, எல்லாம் நம்பர் பேட்லதான். 8 அப், 2 டவுன், 4 லெஃப்ட், 6 ரைட், 7 ஹோம், 1 எண்ட், 9 பேஜ் அப், 3 பேஜ் டவுன், 0 இன்சர்ட், புள்ளி டெலிட். நம் லாக் ஆன்ல இருந்தா ஆரோவுக்குப் பதிலா நம்பர்தான் விழும், டாஸ்கீ ஏறியும் வேலை செய்யலன்னு புலம்புறதுக்கு முன்னாடி நம் லாக்கை ஆஃப் பண்ணிப் பாருங்க.

இப்போ மேக்ரோ. டாஸ்கீ வெறும் ஹிஸ்டரி மட்டும் இல்ல, சின்னச் சின்ன சொந்தக் கமாண்டும் செய்யலாம். டாஸ்கீ டி=டிஐஆர் /ஓ:ஜிஎன் /பி $*ன்னு குடுத்தா, இனிமே டின்னு ஒரே எழுத்து அடிச்சாப் போதும், டைரக்டரி மொதல்ல, அப்புறம் ஃபைல் பேர் வரிசையில, பக்கம் பக்கமா நிக்கும். $*ங்கிறது பின்னாடி நீங்க என்ன அடிச்சாலும் அதை அங்க கொண்டுபோய் வைக்கும், $1, $2ன்னா தனித்தனி வார்த்தை, $9 வரை போகலாம். ரெண்டு கமாண்டை சேக்க $டி, இங்கிலீஷ்ல டாலரும் டிரெயின்ல வர்ற டியும். டாஸ்கீ எம்சிடி=எம்டி $1 $டி சிடி $1ன்னு ஒண்ணு செஞ்சு வெச்சுக்கோங்க, டைரக்டரியை உருவாக்கி உடனே உள்ளயும் போயிடும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கொடுக்கும்னு பாருங்க. அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பணும்னா மேக்ரோக்குள்ள > போடக் கூடாது, போட்டா டாஸ்கீ கமாண்டே அந்த ஃபைலுக்குப் போயிடும், அதுக்கு $ஜி, ஒரு கமாண்டோட அவுட்புட்டை இன்னொரு கமாண்டுக்கு அனுப்புற பைப்புக்கு $பி, பஸ்ல வர்ற பி. 

வீட்டுல குழந்தைங்க கை வெக்கிற மெஷின்னா டாஸ்கீ ஃபார்மேட்=எக்கோ வேண்டாம்னு ஒரு மேக்ரோ போட்டுடுங்க, ஃபார்மேட்னு அடிச்சா அந்த வார்த்தை மட்டும்தான் வரும். நெஜமாவே ஃபார்மேட் பண்ணணும்னா பிராம்ப்டுக்கும் கமாண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் விட்டு அடிங்க, மேக்ரோவைத் தாண்டி ஒரிஜினல் ஓடும். ஆனா கமாண்டெல்லாம் வரிசையா எழுதி வெச்ச பேட்ச் ஃபைலுக்குள்ள மேக்ரோ செல்லாது, அங்க ஃபார்மேட் ஃபார்மேட்தான். வேண்டாத மேக்ரோவை அழிக்க டாஸ்கீன்னு அடிச்சு பக்கத்துல பேரும் = குறியும் மட்டும் போட்டு எண்டர் தட்டுங்க, இருக்குறதை எல்லாம் பாக்க டாஸ்கீ /மேக்ரோஸ். ரீபூட் ஆனா எல்லாம் போயிடும், அதனால பிடிச்சதை ஆட்டோஎக்ஸெக்ல டாஸ்கீ வரிக்குக் கீழயே எழுதி வைங்க. ஹிஸ்டரியையும் வீணாக்க வேண்டாம், கையால ஒவ்வொண்ணா அடிச்சு ஒரு வேலையை முடிச்சப்புறம் டாஸ்கீ /ஹிஸ்டரி > வேலை.பேட்னு குடுத்தா அத்தனை கமாண்டும் பேட்ச் ஃபைலா வந்துடும், தப்பான வரியை எடிட்ல அழிச்சிட்டா அடுத்த தடவைக்கு ரெடி.

சரி, டாஸ்கீயே இல்லாத மெஷின். டாஸ் 3.3 போட்ட எக்ஸ்டில டாஸ் 5ஓட டாஸ்கீயைக் கொண்டுவந்து ஓட்ட முடியாது, வெர்ஷன் நம்பரை ஏமாத்தினாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா டாஸ் 5ல இருக்குற கமாண்ட்.காம்தான் ஒரு வரி வாங்குறதுக்கு முன்னாடி டாஸ்கீ இருக்கான்னு கூப்பிட்டுக் கேக்கும், பழைய கமாண்ட்.காம்க்கு அப்படிக் கூப்பிடவே தெரியாது. அந்தக் காலத்துல இதுக்குன்னே டாஸ்எடிட், சிஇடின்னு ரெண்டு குட்டி புரோகிராம் ரொம்பப் பிரபலம், ரெண்டும் மெமரில உக்காந்துக்கிட்டு ஆரோ கீயை உயிர்ப்பிக்கும், பழைய டாஸ் சாஃப்ட்வேர் சேத்து வெக்கிற எடங்கள்ல தேடினா கெடைக்கும். ஷெல்லையே, அதாவது கமாண்ட் வாங்குற கமாண்ட்.காமையே, மாத்துறதுக்கும் தயார்னா 4டாஸ் போடலாம், ஹிஸ்டரியும் எடிட்டிங்கும் அதுக்குள்ளயே இருக்கு. 

எதுவுமே போட முடியாத நெலமைல கூட டாஸ் முழுசா கைவிடல, இதைப் பலபேருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. கடைசியா அடிச்ச ஒரு வரி மட்டும் எப்பவும் ஞாபகத்துல இருக்கும், எஃப்3 அமுக்கினா அது முழுசா திரும்ப வரும். எஃப்1 அதுல இருந்து ஒவ்வொரு எழுத்தா எடுக்கும். எஃப்2 அமுக்கி ஒரு எழுத்து குடுத்தா அந்த எழுத்துக்கு முன்னாடி வரைக்கும் எடுக்கும். உதாரணம் பாருங்க, டிஐஆர் சி:\1993ன்னு அடிக்கிறதுக்கு பதிலா டிஐஆர் சி:\1893ன்னு அடிச்சிட்டீங்க. எஃப்2, அப்புறம் 8, இப்போ சி:\1 வரைக்கும் வந்து நிக்கும், 9 அடிங்க, எஃப்3 அமுக்குங்க, மீதி 93 தானா வந்து ஒட்டிக்கும். ஒரு 9 விட்டுப்போயி 193ன்னு அடிச்சிருந்தா எஃப்2, 3, இன்சர்ட், 9, எஃப்3. ஒண்ணு அதிகமாகி 19793ன்னு இருந்தா எஃப்2, 7, டெலிட், எஃப்3. மொத்தமே அஞ்சு தட்டுக்குள்ள முடியுது, எழுத்து ஸ்கிரீன்ல தெரியாமலே கை கணக்குல போகும், அதான் ஆரம்பத்துல தலை சுத்தும், ஒரு மணி நேரம் உக்காந்து பழகினா விரலே செய்யும். டாஸ்கீ போட்டப்புறமும் எஃப்1ல இருந்து எஃப்5 வரை இதெல்லாம் அப்படியே இருக்கும்.

டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியோட டிஆர் டாஸ் வெச்சிருக்கவங்களுக்கு டாஸ்கீ தேட வேண்டியதே இல்ல, கான்ஃபிக்.சிஸ்ல ஹிஸ்டரி=ஆன்,512,ஆன்னு ஒரு வரி, நடுவுல இருக்குறது பஃபர், கடைசி ஆன் இன்சர்ட் மோடுக்கு. மைக்ரோசாஃப்ட்டுக்கு முன்னாடியே டிஜிட்டல் ரிசர்ச் இதைக் குடுத்துட்டாங்க, அந்தப் பெருமையை அவங்களுக்குக் குடுத்தே ஆகணும். ஃப்ரீடாஸ்லயும் டாஸ்பாக்ஸ்லயும் ஷெல்லுக்குள்ளயே ஆரோ கீ ஓடும், டேப் அமுக்கினா ஃபைல் பேரும் நெறையும். இன்னைக்கு விண்டோஸ்ல சிஎம்டி திறந்தாலும் ஆரோ கீ தானா வேலை செய்யும், ஆனா மேக்ரோவுக்காக டாஸ்கீ.எக்ஸி இன்னமும் கூடவே வருது, எஃப்8ம் அதே வேலையைத்தான் செய்யுது, 486ல பழகினது எங்கயும் வீணாப் போகாது.

286 போட்ட ஐபிஎம் ஏடி இல்ல அதுக்கு அப்புறம் வந்த மெஷின்னா ஆட்டோஎக்ஸெக்.பேட்ல இன்னொரு வரி சேத்துக்கோங்க, மோட் கான் ரேட்=32 டிலே=1, இது ஆரோ கீயை அமுக்கிப் பிடிச்சா கர்சர் எவ்வளவு வேகமா ஓடணும்னு சொல்றது, 32தான் அதிகபட்சம், டிலே 1ன்னா கால் செகண்ட்லயே ஓட ஆரம்பிச்சிடும், ரெண்டையும் சேத்துக் குடுத்தாதான் எடுத்துக்கும். ரிப்பேர் வேலைக்குன்னு ஒரு பூட் ஃப்ளாப்பி வெச்சிருப்பீங்கல்ல, ஃபார்மேட் ஏ: /எஸ் போட்டு செஞ்சது, அதுலயும் டாஸ்கீ.காமை காப்பி பண்ணி, ஆட்டோஎக்ஸெக்.பேட்ல டாஸ்கீ /இன்சர்ட்னு ஒரே ஒரு வரி எழுதி வைங்க, அதே டாஸ் வெர்ஷன்தானான்னு மட்டும் பாத்துக்கோங்க, ஹார்ட் டிஸ்க் செத்த மெஷின்ல எஃப்டிஸ்க், ஸ்கேன்டிஸ்க்னு திரும்பத் திரும்ப அடிக்கும்போதுதான் இது ரொம்ப வேணும்.